மீன்காரன் ஊதும் சங்கு

சனிக்கிழமை காலையில் எங்கள் தெருவில் சங்கு ஊதுவார்கள். வேலைக்காக மேற்கிந்தியத் தீவுகளில் இந்தப் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு வந்து சேர்ந்த முதல் வாரம் அந்தச் சத்தம் கேட்டதும் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, வாசலில் போய்த் தலையைக் குனிந்து நின்றேன். தூத்துக்குடிக்காரன் வேறென்ன செய்வான்? எங்கள் தெருக்களில் சங்கு கேட்டால் பின்னாலேயே பாடை வரும். இங்கே பாடை எதுவும் வரவில்லை. பக்கத்து வீட்டு வயலட் அம்மாள் ஒரு பெரிய எனாமல் கிண்ணத்தோடு படியிறங்கி வந்தார். “யார் தவறிப்போனது?” என்று பணிவாக இங்கிலீஷில் விசாரித்தேன். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். “மீன்தான். வேறே யார் சாகவேண்டும் உனக்கு?” என்று கேட்டுவிட்டுத் தெருமுனைக்கு நடந்தார். அங்கே ஒரு கிழவர் தள்ளுவண்டியில் மீனைப் பரப்பி வைத்துக்கொண்டு கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தார். இந்த டிரினிடாட் தீவில் மீன் வந்துவிட்டது என்று ஊருக்குச் சொல்லத்தான் சங்காம்.

சங்கு எனக்குப் புதிதல்ல. கடலில் முங்கி எடுத்த சங்கை மூட்டை மூட்டையாகக் கட்டி வளையலுக்காகக் கல்கத்தாவுக்கு அனுப்புகிற ஊர் எங்களுடையது. ஆனாலும் மீனுக்கு ஊதுவார்கள் என்பது என் புத்தியில் ஏற மாதக்கணக்கானது. பின்னால் வந்து சேர்ந்த என் மனைவி செல்வக்கனிக்கு ஒரே வாரத்தில் ஏறிவிட்டது. அவளும் ஓர் எனாமல் கிண்ணம் வாங்கிக்கொண்டாள். வயலட் அம்மாளின் மகன் கெல்வின் இந்த நாட்டுப் பட்டாளத்தில் சிப்பாய். லீவில் வந்தால் எங்கள் மகள் மல்லிகாவைத் தோளில் தூக்கிக்கொண்டு மீன் வண்டிக்குப் போவான். அவள் அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு திரும்பி வருவாள்.

1970ஆம் வருஷம் அண்ணன் மகள் கல்யாணத்துக்காக நான் மட்டும் தூத்துக்குடிக்குப் போயிருந்தேன். மல்லிகாவுக்கு மணல்வாரி அம்மை போட்டிருந்ததால் அவளும் செல்வக்கனியும் போர்ட் ஆஃப் ஸ்பெயினிலேயே தங்கிவிட்டார்கள். நான் கிளம்புவதற்கு முன்பே அந்தத் தீவு கொதித்துக்கொண்டுதான் இருந்தது. எண்ணெய் யாருடையது, சர்க்கரை ஆலை யாருடையது, பாங்கு யாருடையது, எங்களுக்கு ஏன் வேலை இல்லை என்று கறுப்பு இளைஞர்கள் வாரக்கணக்காக ஊர்வலம் போனார்கள். கரும்புத் தோட்டத்து இந்தியர்களையும் தங்களோடு வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். எங்கள் தெரு வழியாகப் போனபோது நான் ஜன்னலைச் சாத்தினேன். பயம், வேறென்ன. அந்த வாரம் வந்த கெல்வின் மல்லிகாவைத் தூக்கவில்லை. படியில் உட்கார்ந்து, “நாளைக்கு இவர்களைச் சுடு என்று எங்களிடம் சொன்னால் நான் என்ன செய்ய, மிஸ்டர் ராஜு? என்னோடு படித்த பையன்கள் இவர்கள்” என்றான். அதெல்லாம் ஒன்றும் நடக்காது என்று சொல்லிவிட்டு நான் பெட்டி கட்டப் போய்விட்டேன்.

கல்யாணம் முடிந்த சில நாளில் பீச் ரோட்டில் அண்ணன் கடையில் உட்கார்ந்திருந்தபோது ரேடியோவில் செய்தி வந்தது. டிரினிடாட்டில் நெருக்கடி நிலை. பட்டாளத்தில் ஒரு பகுதி அரசாங்கத்துக்கு எதிராகத் திரும்பிவிட்டது. அமெரிக்க, பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் அந்தத் தீவை நோக்கிப் போகின்றன. நான் டீயை வைத்துவிட்டு ரேடியோவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அண்ணனோ, “கப்பல் வந்து நிக்கப் போவுதுன்னா நல்லதுதானலே” என்றார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அன்றைக்குத் தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது. ஆழம் போதாமல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கெல்லாம் தோணியில்தான் போய்வர வேண்டும். அண்ணன் அந்தக் கப்பல்களுக்குக் காய்கறியும் ஆட்டுக்கறியும் சப்ளை செய்தார். வெளியில் கப்பல் நின்றால் தோணிக்காரன் வீட்டில் உலை கொதிக்கும். காலையில் எழுந்து எத்தனை கப்பல் நிற்கிறது என்று கடலைப் பார்ப்பதுதான் ஊரின் முதல் வேலை. கப்பல் நிற்பதைக் கண்டு பயப்படுகிற ஊர் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று நானும் அதுவரை நினைத்ததில்லை.

செல்வக்கனிக்குத் தந்தி கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து ஒரே வார்த்தை வந்தது: நலம். அதைப் பார்த்ததும் என் பயம் இரட்டிப்பானது. மல்லிகா பிறந்த சமயம், நான் வெளியூரில் இருந்தபோதும் செல்வக்கனி ‘நலம்’ என்றுதான் தந்தி அடித்தாள். திரும்பி வந்து பார்த்தால் தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அவள் ‘நலம்’ என்றால் எனக்குக் கவலை வேண்டாம் என்றுதான் பொருள். அங்கே என்ன நடக்கிறது என்பதற்கும் அந்த வார்த்தைக்கும் சம்பந்தம் கிடையாது.

அதற்குப் பிறகு கடையில் தினமும் இதே பேச்சுதான். வியட்நாமை விட்டுவிட்டு எல்லாரும் டிரினிடாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். தீவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாதவன்கூட அமெரிக்கா இறங்கலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொன்னான். எதிர்த்துப் பேசியவர் மரியான் தண்டல். தோணி ஓட்டுகிறவரைத் தண்டல் என்போம். அண்ணனின் சரக்கெல்லாம் அவர் தோணியில்தான் போகும். வாலிபத்தில் முத்துக்குளித்தவர், நெஞ்சுக்கூடு இன்னமும் அகலம்.

“வீட்டுக்குள்ள கள்ளன் பூந்துட்டான்னா பக்கத்து வீட்டுக்காரனக் கூப்பிட மாட்டீரா? எறங்கி ஒரே நாள்ல சோலிய முடிச்சிட்டுப் போவட்டும். எந்தம்பி பொண்டாட்டி பிள்ள அங்கன கெடக்கு” என்றார் அண்ணன்.

“கள்ளன்னு யாரச் சொல்லுதீய அண்ணாச்சி? துப்பாக்கியத் திருப்புனவன் அந்த வீட்டுப் பிள்ளைல்லா? அண்ணந்தம்பிச் சண்டைல அடுத்த வீட்டுக்காரன் கம்போட வந்தா, அவன் யார அடிப்பான்னு உங்களுக்குத் தெரியுமா?”

“அதுக்காவ ஊரே எரியட்டுங்கீரா?”

“எங்க கடக்கர ஆளுவளும் ஒரு காலத்துல கூப்பிட்டாவ அண்ணாச்சி. கடல்ல எங்கள அடிக்காவன்னு சொல்லி, கப்பல்ல வந்த போர்ச்சுக்கல் பறங்கியக் கூப்பிட்டாவ. வந்தான், காப்பாத்துனான். பொறவு போவச் சொன்னா போனானா? முத்துல பங்கு கேட்டான். அவன வெரட்டுன டச்சுக்காரன் கேட்டான். பொறவு வெள்ளக்காரன். நான் முங்குன காலத்துலயும் சிப்பிய மூணு குவியலாக்கி, ரெண்டு சர்க்காருக்கு, ஒண்ணுதான் மூச்ச அடக்குனவனுக்கு.”

“உம்ம வேதமும் அவன் கொண்டு வந்ததுதானவே?” அண்ணன் மடக்கிவிட்ட சந்தோஷத்தில் எல்லாரையும் பார்த்தார்.

“ஆமா. அத விட மாட்டேன். மாதாவ நான் விடுவனா? ஆனா கூப்பிட்டது தப்புன்னு சொல்ல எனக்குப் பாத்தியத உண்டு.”

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அங்கே வாழ்கிறவன் நான்தானே. அந்த ஊர்வலங்களில் நியாயம் இருந்தது எனக்குத் தெரியும். அந்நியப் பட்டாளம் இறங்கினால் நியாயம் பார்த்துச் சுடாது என்பதும் தெரியும். ஆனால் என் கண் முன்னால் எங்கள் வீட்டு மரக்கதவும், அதற்குப் பின்னால் உடம்பெல்லாம் தடிப்போடு மல்லிகாவும்தான் நின்றார்கள். “இறங்கட்டும். யாராவது இறங்கி இதை முடிக்கட்டும்” என்றேன்.

தண்டல் கோபப்படவில்லை. “தம்பி, அந்தப் பட்டாளத்துல உங்களுக்குத் தெரிஞ்சவுக யாரும் உண்டா?” என்று மட்டும் கேட்டார்.

“இல்லை” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். உண்டு என்று சொன்னால், இறங்கட்டும் என்று விரும்ப எனக்கு மனம் வந்திருக்காது. அவ்வளவுதான். கெல்வினை அந்த ஒரு வார்த்தையால் துடைத்துப் போட்டுவிட்டு, அன்று முதல் காலையில் கடற்கரைக்குப் போய் நின்றேன். வெளியில் கப்பல்கள் நின்றன. தோணிகள் பாய் விரித்துப் போயின. தோணிக்காரர்கள் ஒருவருக்கொருவர் கூவிக்கொண்டு சிரித்தார்கள். நான் வேறொரு கடலில் நிற்கிற வேறு கப்பல்களை நினைத்து, இறங்கு, இறங்கு என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரத்துக்கு மேல் ஆன பிறகு இரண்டாவது தந்தி வந்தது. கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். தந்திக்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கிய அண்ணன், கப்பல்காரர்களிடம் பேசிப் பழகிய இங்கிலீஷில் எழுத்துக்கூட்டிப் படித்து மதினிக்குத் தமிழில் சொன்னார்: “காலையில் சங்கு ஊதியது. எல்லாரும் வாசலில் நின்றோம். கடிதம் வரும்.”

சொல்லி முடிக்கும் முன்பே மதினி மாரில் அடித்துக்கொண்டாள். “ஏ செல்வக்கனி, கண் காணாத சீமையில ஒம்பிள்ளையத் தூக்கிக் குடுத்துட்டியாளா!” என்று அவள் வைத்த ஓலத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். அண்ணன் சுவரில் சாய்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டார். ஒருவர் என் தோளைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தார். நானோ சோற்றுக்கையோடு எழுந்து நின்று சிரித்தேன். கண்ணீர் தாரையாக வழிகிறது, சிரிப்பும் நிற்கவில்லை. “பயலுக்குப் புத்தி பெரண்டு போச்சி, தண்ணியக் கொண்டாங்கலே” என்று யாரோ சொன்னது கேட்டது.

“மீன் வந்திருக்கு மதினி! மீன்காரன் ஊதியிருக்கான்! தெருவில் வண்டி வருது, எல்லாரும் கிண்ணத்தை எடுத்துக்கிட்டு வெளியே வந்து நிக்காங்க!” என்று கத்தினேன். அவர்களுக்கு விளங்கவைக்க நேரமானது. விளங்கியதும் மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மீனுக்கு எந்தக் கூறுகெட்ட பய சங்கு ஊதுவான்?” என்று என்னிடமே சண்டைக்கு வந்தாள். அன்று இரண்டாவது தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன். அத்தனை நாளும் தொண்டையில் இறங்காத சோறு.

கடிதம் அடுத்த வாரம் வந்தது. “நலம் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள், அதனால்தான் சங்கை எழுதினேன்” என்று தொடங்கியிருந்தாள். கெல்வின் இருந்த முகாமிலிருந்து போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு வர ஒரே ஒரு கடலோரச் சாலைதான். அதன் வழியாக வந்த சிப்பாய்களைக் கடற்காவல் படகு சுட்டுத் தடுத்திருக்கிறது. திரும்பிப் போய்ப் பேச்சுவார்த்தை நடத்தி, கடைசியில் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். வெளிநாட்டுக் கப்பல்கள் அடிவானத்தில் நின்றபடி நின்றுவிட்டு, யாரையும் இறக்காமல் போய்விட்டன. கெல்வின் உயிரோடு இருக்கிறான்; காவலில் வைத்திருக்கிறார்கள். அத்தனை நாளும் வயலட் அம்மாள்தான் எங்கள் வீட்டுக்கு வந்து, வாசற்கதவை அடைத்தாற்போல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து காவல் இருந்திருக்கிறார். கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது: “உங்கள் இந்திய ஆட்கள் எல்லாரும் அமெரிக்காக்காரன் இறங்க வேண்டும் என்று கும்பிடுகிறார்கள், இல்லையா என்று வயலட் அக்கா என்னிடம் கேட்டார்கள். மற்றவர்களைப் பற்றித் தெரியாது, என் வீட்டுக்காரர் அப்படி நினைக்கவே மாட்டார் என்று சொன்னேன்.”

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே மரியான் தண்டலிடம் போனேன். தோணியில் தார் பூசிக்கொண்டிருந்தார். கெல்வினைப் பற்றிச் சொன்னேன். அன்று இல்லை என்றது பொய் என்று சொல்லும்போது அழுதுவிட்டேன். அவர் தார்க்கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு, “எறங்கலயே தம்பி, பொறவு என்னத்துக்கு அழுதீய? என் பிள்ள அங்கன கெடந்தா நானும் அதத்தான் சொல்லியிருப்பேன். கடையில அம்புட்டுப் பேசிட்டு, ஒங்க வீட்டம்மாவுக்காவ மாதா கோயில்ல மெழுகுதிரி பத்த வச்சேன். கப்பல்காரன் எறங்கியாவது காப்பாத்தட்டும்னுதான்” என்றார். எனக்கு நெஞ்சில் இருந்த பாறாங்கல்லை யாரோ எடுத்துப் போட்டதுபோல் இருந்தது. இரண்டு பேரும் தோணி நிழலில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் சிரித்தோம். நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று ஒரு சங்கைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அவரே முங்கி எடுத்தது, நுனி வெட்டி ஊதுவதற்குத் தயாராக இருந்தது. “அந்தப் பட்டாளத்தான்ட்ட குடுங்க” என்றார்.

அதைக் கொடுக்க இரண்டு வருஷத்துக்கு மேலானது. கெல்வின் சிறையிலிருந்து வந்தபோது வேலை கொடுக்க ஆளில்லை. மீன்காரக் கிழவருக்கோ மூச்சு முட்ட ஆரம்பித்திருந்தது. அவர் வண்டியைக் கெல்வின் எடுத்துக்கொண்டான். நான் சங்கோடு போய் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். இறங்கட்டும் என்றதையும் அவனைத் தெரியாது என்றதையும்கூட. அவன் வெகுநேரம் சங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, “என் அம்மாவிடம் மட்டும் சொல்லாதீர்கள், மிஸ்டர் ராஜு. இன்னமும் உங்களுக்குப் பெரிய மீனை ஒதுக்கச் சொல்கிறாள்” என்றான்.

இப்போது தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்துவிட்டது, பெரிய கப்பலெல்லாம் கரையை ஒட்டியே நிற்கிறது, தண்டல் தோணியை விற்கப்போவதாகப் பேச்சு என்று அண்ணன் எழுதுகிறார். இங்கே சனிக்கிழமைதோறும் அவர் முங்கி எடுத்த சங்குதான் ஊதுகிறது. மற்றத் தெருக்களில் ஊதும் சங்கைவிட அது சன்னமாக, எங்கள் ஊர்க் குரலில் கேட்கும். இத்தனை வருஷமாகியும் அது கேட்டதும் என்னையறியாமல் எழுந்து, வேட்டியைச் சரிசெய்து, தலையைக் குனிந்துதான் நிற்கிறேன். மல்லிகா கிண்ணத்தை என் கையில் திணித்து, “மீன் அப்பா, மீன்” என்று வெளியே தள்ளுகிறாள். தெருமுனையில் கெல்வின் கன்னம் உப்ப ஊதிக்கொண்டு நிற்கிறான்.