சாரதாவை முன்வாசல் வழியாக அனுப்பிய நாள்

சகோதரிகளே, ஆண்டவருக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் முதலில் என் அருவருப்பைச் சொல்லிவிடுகிறேன். அதை விழுங்கிவிட்டு நன்றியை மட்டும் சொன்னால் அது பாதி சாட்சி.

நெம்மேலிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறேன். கணவர் போனபின் மகன் சேர்த்தான். சாப்பாடு குறையில்லை, மாடியில் நின்றால் கடல் தெரியும். ஆனால் இங்கே யாரும் சாவதில்லை! "மகன் வீட்டுக்குப் போயிட்டாங்க" என்பார்கள். யாராவது இறந்தால் எங்களையெல்லாம் ஹாலில் உட்கார வைத்து டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். பிணம் சமையலறைப் பக்கமாக, குப்பைத் தொட்டியைத் தாண்டிப் பின்வாசலுக்குப் போகும். நாங்கள் பயந்துவிடுவோமாம். கிழங்கள்தான், மடையர்கள் இல்லை. சத்தம் கூடியதும் நாங்கள் சீரியலைப் பார்ப்பதில்லை, யார் நாற்காலி காலி என்றுதான் பார்ப்போம்.

போன ஐப்பசி மழையில், ஒரு காலையில் என் அறைத் தோழி சாரதா போய்விட்டாள். தபால் ஆபீசில் வேலை பார்த்தவள். ஃபேன் வேகத்துக்காக என்னோடு தினமும் சண்டை போடுவாள். டாக்டர் பார்த்துவிட்டுப் போனதும் மேனேஜர் மூக்கில் கர்ச்சீப்போடு வந்தார். அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"பன்னெண்டாம் பெட்டை சீக்கிரம் கிளியர் பண்ணுங்க. ரூம் பாக்க ஒரு ஃபேமிலி வருது."

மகள் பெங்களூரிலிருந்து வரும்வரை உடலைச் செங்கல்பட்டுப் பிணவறையில் வைக்க ஏற்பாடு. வேன் பின்வாசலில் நின்றது. அழுக்குத் துணி தள்ளும் வண்டியில் அவளைக் கிடத்தினார்கள். மூத்திரத்தில் நனைந்த துணியைக்கூட மாற்றவில்லை. வெளியே தெரியாமலிருக்க அவள் மேல் நாலு அழுக்கு விரிப்புகளையும் போட்டார்கள். சீ! மீனைக்கூடக் கழுவித்தானே சட்டியில் போடுகிறோம்?

"முகத்தையாவது கழுவிவிடுங்கப்பா" என்றேன்.

"நீங்க ஹாலுக்குப் போங்கம்மா" என்றார் மேனேஜர்.

என்னைக் கூட்டிப்போன ஆயா பாக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னாமா பண்றது? வவுறு எரியுது. வாயத் தொறந்தா வேலை பூடும்."

ஹாலில் டிவி அலறியது. கண்ணை மூடினேன். இனிமையான ஜெபம் ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, இந்த டிவியின் வாயை அடையும். சாரதாவை மனுஷியாக முன்வாசல் வழியாக அனுப்பும். இதைப் பார்த்துக்கொண்டு நீர் எப்படிச் சும்மா இருக்கிறீர்?" என்று சண்டைதான் போட்டேன்.

கரண்ட் போனது.

மழை நாளில் இந்தப் பக்கம் கரண்ட் போவது ஒரு அதிசயமா என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். அந்த நிமிடம் போனதே, அதுதான் எனக்கு அதிசயம். வராந்தாவில் அந்த வண்டிச் சக்கரம் கிறீச்சிடுவது எல்லார் காதிலும் விழுந்தது. வாக்கரைப் பிடித்து எழுந்தேன். "சாரதா போறா. நான் வழியனுப்பப் போறேன்" என்றேன். யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பக்கவாதம் வந்த வாத்தியார் ஐயா முதலில் எழுந்தார். பிறகு ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். வராந்தா முழுக்க வாக்கரும் சக்கர நாற்காலியும். வண்டியால் நகர முடியவில்லை.

மேனேஜர் கத்தினார், கெஞ்சினார். அதற்குள் ரூம் பார்க்க வந்த குடும்பமும் வந்து நின்றது. விரிப்புகளுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த காலை அந்த வீட்டுப் பெண் பார்த்துவிட்டாள். "எங்க அம்மாவையும் இப்படித்தான் அனுப்புவீங்களா சார்?" என்று கேட்டாள். எங்கள் கண்ணீருக்கு இரங்காத மேனேஜர் அந்த ஒரு கேள்விக்கு இறங்கி வந்தார். அதுவும் அசிங்கம்தான். ஆனாலும் ஆண்டவர் எந்த வாயையும் பயன்படுத்துவார்.

பாக்கியம் வெந்நீர் கொண்டுவந்தாள். சாரதாவைத் துடைத்து, அவளுக்குப் பிடித்த பச்சைச் சேலையைக் கட்டினோம். அவள் டப்பாவிலிருந்து திருநீறு எடுத்து நானே பூசினேன். முகம் சுளிக்காதீர்கள், அது அவள் நெற்றி. முன்வாசலில் எல்லோரும் எழுந்து நிற்க, ஸ்ட்ரெச்சரில் போனாள்.

இப்போது யார் இறந்தாலும் எங்களிடம் சொல்கிறார்கள், முன்வாசல் வழியாகவே அனுப்புகிறார்கள். இதையே தங்கள் சிறப்பு என்று விளம்பரத்தில் வேறு போட்டுக்கொண்டார்கள், வெட்கம் கெட்டவர்கள்! மகனுக்குத் தொந்தரவு வேண்டாமென்று எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்த நானும் இப்போது வாய் திறக்கிறேன்.

சகோதரிகளே, அழகாக ஜெபிக்கத் தெரியவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். கோபத்தோடும் கேளுங்கள், அவர் கேட்கிறார். என் முறை வரும்போது என்னையும் கழுவி, நல்ல சேலை கட்டி, எழுந்து நின்று அனுப்புவார்கள். அந்த நம்பிக்கையை எனக்குத் தந்தவருக்கு நன்றி. இப்போதெல்லாம் படுத்ததும் தூக்கம் வருகிறது.