மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்னாள்

தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவில் அகதி விசாரணைகளுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். சனிக்கிழமை காலைகளில் பிற்கால ரோமப் பேரரசு பற்றி ஒரு பாடம் படித்தேன். “கனடாவுக்கு வந்தும் உனக்கு ரோமாபுரியோ?” என்று அண்ணி நக்கலடிப்பார். எனக்குப் பட்டம் வேண்டும், வேறொரு வேலை வேண்டும், அவ்வளவுதான்.

ரோமர் ஆண்ட இடமெல்லாம் லத்தீன் பேசினார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். சுத்தப் பிழை. கிழக்கே கிரேக்கம், சிரியாவில் சிரியாக், ஆபிரிக்கக் கிராமங்களில் பியூனிக், எகிப்தில் கொப்திக். எகிப்திய நீதிமன்றப் பதிவுகளில் சம்பிரதாய வரிகள் லத்தீனில் இருக்கும், கேள்வியும் பதிலும் கிரேக்கத்தில். கொப்திக் மட்டுமே தெரிந்த குடியானவளின் வாய்ச்சொல் ஒன்றுகூட மிஞ்சாது. ‘மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்னாள்’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். அந்த மொழிபெயர்ப்பாளன் எதை விழுங்கினானோ, யார் கண்டது? அதையே என் கட்டுரைக்கு எடுத்துக்கொண்டேன்.

அந்த மாதம்தான் எங்கள் நாட்டு அக்கா ஒருவரின் விசாரணை. ஐம்பது வயதிருக்கும். கணவரை ஊரில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள், பிறகு தகவலே இல்லை. அதை அதிகாரி நம்பினால் இங்கே இருக்கலாம், நம்பாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள்.

கணவரின் பெயர் என்னவென்று அதிகாரி கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

“பிள்ளையளின்ரை அப்பா.”

பெயரைத்தான் கேட்டேன் என்றார் அதிகாரி. அக்கா என்னைப் பார்த்தார். “கடதாசியில கிடக்குத்தானே. அதைப் பாக்கச் சொல்லுங்கோ, பிள்ளை.” அதையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அதிகாரி பேனையை எடுத்து ஏதோ எழுதினார்.

எனக்கா விளங்கவில்லை! புருசனின் பெயரை வாயால் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று வாழ்ந்தவள்தான் என் அம்மாவும். கூப்பனுக்கு அரிசி வாங்கும் சங்கக்கடையில் அப்பாவின் பெயரைக் கேட்டால் என்னை முன்னால் தள்ளிவிடுவாள். ஏழு வயதில் கணீரென்று சொல்லுவேன்.

இடைவேளையில் அக்கா வெளி நடையில் என் கையைப் பிடித்தார். “அவர் உயிரோடை இருக்கிறாரோ எண்டே தெரியாது. நான் என்ரை வாயாலை சொல்லி, ஏதும் நடந்தா? எங்கட வழக்கத்தை அவைக்கு ஒருக்காச் சொல்லுங்கோவன்.”

“என்னோடை தனியக் கதைக்கக்கூடாது, அக்கா” என்று கையை உருவிக்கொண்டேன். அவருடைய வக்கீல், தமிழ் தெரியாத மனிதர், என்னிடம் வந்து இந்த அம்மா ஏன் தயங்குகிறார் என்று கேட்டார். சொல்லப்படுவதை மொழிபெயர்ப்பது மட்டுமே என் வேலை என்றேன். விதி அப்படித்தான். ஆனால் விதிக்காக நான் வாயை மூடவில்லை. இந்தப் பட்டிக்காட்டுப் பழக்கத்தை வெள்ளைக்காரன் முன்னால் விளக்க வெட்கப்பட்டேன்.

திரும்பப் போனதும் அக்கா தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டு பெயரைச் சொன்னார். சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுதார். நான் அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொடுத்தேன், பதிவுக்காக.

அன்றிரவே கட்டுரையை முடித்தேன். எகிப்தியக் குடியானவளுக்குப் பக்கத்தில் அக்காவையும் இன்றைய உதாரணமாக வைத்தேன். ‘மிக நுட்பமான அவதானிப்பு’ என்று ஓரத்தில் எழுதி, பேராசிரியர் ‘ஏ’ தரம் போட்டிருந்தார்.

அந்தக் கட்டுரை பையில் இருக்கும்போதே அக்கா ஆளனுப்பிக் கூப்பிட்டார். மல்வேர்னில் ஒரு தொடர்மாடி வீடு. முடிவுக் கடிதம் வந்திருந்தது. ஆங்கிலம், ஆகவே நான் வாசித்துச் சொல்ல வேண்டுமாம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. கணவரின் பெயரைக்கூட உடனே சொல்ல முடியாதவரின் கதை நம்பத்தக்கதல்ல என்பது முதல் காரணம். அதையும் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன்.

அக்கா கடிதத்தை வாங்கி மடித்தார். “எங்கட வழக்கத்தை நீங்கள் அவைக்குச் சொல்லேல்லையோ, பிள்ளை?”

“சொன்னனான், அக்கா. அவை கேக்கேல்லை.”

“ஓம், நீங்கள் சொல்லியிருப்பியள்” என்று என் தலையைத் தடவினார். “என்ரை சொந்தப் பிள்ளை மாதிரி எல்லோ இருந்தனீங்கள். இருங்கோ, தேத்தண்ணி போடுறன்.”

இருந்து, முழுவதையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.