மைக்கில் சொன்ன பாராட்டு

போடியில் பள்ளிகளுக்கான கால்பந்துப் போட்டிகளை நடத்துவதும் நான்தான், விசில் ஊதுவதும் நான்தான். போன வருடம் பெண்கள் இறுதிப் போட்டி. ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளியின் மகள் செல்வி கடைசி நேரத்தில் கோல் அடித்தாள். விசில் ஊதி கோல் கொடுத்துவிட்டேன். அவளே என்னிடம் ஓடி வந்தாள்.

"சார், பந்து எங்கையில பட்டுச்சு சார்."

கோலை ரத்து செய்தேன். அவள் பள்ளி தோற்றது.

"கண்ணு பொட்டையாய்யா ஒனக்கு?" என்று அவள் ஊர்க்காரர்கள் என்னைத்தான் திட்டினார்கள். எனக்குப் பழகிப்போன வசவுதான், ஆனால் அன்று ஏனோ பொறுக்கவில்லை. பரிசளிப்பில் மைக்கைப் பிடித்து நடந்ததைச் சொன்னேன். அவளை மேடைக்கு அழைத்துப் பாராட்டினேன். அவள் ஊர்க்காரர்கள் ஒருவரும் கைதட்டவில்லை. திரும்பிப் போகும் ஜீப்பில் அவளை ஒட்டி யாரும் உட்காரவில்லை.

இந்த வருடம் அந்த அணியில் அவள் இல்லை. அவர்களுடைய பி.டி. வாத்தியாரிடம் கேட்டேன்.

"அவ எதுக்குண்ணே? கையில பட்டா வந்து சொல்லிருவா" என்று சிரித்தார்.

திட்டு வாங்குவதும் நடுவரின் வேலைதான். அன்று எனக்கு வந்த திட்டை ஒரு சின்னப் பெண்ணின் தலையில் இறக்கி வைத்துவிட்டு, அதைப் பாராட்டு என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.