குற்றாலத்தில் ஜின்னும் முதல் இலையும்

ஐயா, அம்மையீர், குற்றாலத்தில் ஜின் அருந்திய கதை சொல்வோர் ஆண்களின் கதையையே சொல்கின்றனர். எங்கள் வீட்டுப் பெண்கள் தம்ளரை ஏந்திய நாளொன்றை நான் அறிவேன். எனக்கு அப்போது எட்டு வயதிருக்கலாம்.

சாரல் காலத்தில் தென்காசியிலிருந்து குடும்பத்தோடு சென்று, குற்றாலத்தில் வாடகை வீட்டில் தங்குவோம். அங்கே தாத்தா விதித்த சட்டம் ஒன்றுண்டு: அருவியில் நனைந்து முதலில் திரும்புவோருக்குக் குளிர் நீங்க ஒரு மடக்கு மது, பின்னர் பந்தியில் முதல் இலை. அதில் ஆண் என்றோ பெண் என்றோ சொல்லப்படவில்லை. ஆயினும் பெண்கள் சமைத்து, பரிமாறி, மாலையில் குளித்து, சட்டியில் எஞ்சியதை உண்டனர். நல்ல கறித்துண்டுகள் அதற்குள் தீர்ந்துவிடும்.

அவ்வாண்டு அப்பாவின் அக்காள், இராணுவ மருத்துவமனையில் நர்ஸாக இருந்த எங்கள் அத்தை, விடுப்பில் வந்திருந்தார். கேண்டீனில் வாங்கிய ஜின் புட்டியும் உடன் வந்தது. ஆண்கள் எண்ணெய் தேய்த்து, அது ஊறட்டுமென்று பாறையில் அமர்ந்து அரசியல் பேசச் சென்றதும், அத்தை கறிச்சட்டியை மூடிவிட்டு எங்களை அருவிக்கு இட்டுச் சென்றார். பெண்கள் பக்கத்தில் கூட்டமே இல்லை.

ஆண்கள் திரும்பியபோது அத்தையும் அம்மாவும் சித்தியும் ஈரத்தலையோடு இலைமுன் அமர்ந்திருந்தனர். ஒவ்வொருவர் அருகிலும் எலுமிச்சை பிழிந்த தம்ளர்.

“என்னக்கா இது? ஆம்பளையளுக்கு முன்னால எலையில உக்காந்துட்டிய?” என்றார் அப்பா.

“அப்பா போட்ட சட்டந்தாம்லே. நாங்க மொதல்ல நனைஞ்சு வந்துட்டோம். ஒன்ன யாரு எண்ணெயில ஊறச் சொன்னா? நீ என்ன ஊறுகாயா?”

அனைவரும் தாத்தாவை நோக்கினர். அவர் முகம் சுளித்தால் அம்மா எழுந்துவிடுவார். எழுவதற்காக ஒரு கையைத் தரையில் ஊன்றியும் விட்டார். தாத்தா தம் ஈரத்தலையைத் தடவிக்கொண்டார்.

“சட்டம்னா சட்டந்தான். ஏலே, மரமா நிக்காத. அகப்பைய எடு.”

அப்பா முதன்முதலாகப் பரிமாறினார். அம்மாவின் இலைமுன் குனிந்து, எந்தத் துண்டு வேண்டுமெனக் கேட்டார்.

“ஈரல் வைங்க. நெறைய வைங்க.”

வீடு திகைத்தது. ஈரல் என்றும் தாத்தாவின் இலைக்குரியது.

“மதினி பேசல. உள்ள போன ஜின்னு பேசுது!” என்றார் சித்தப்பா.

தாத்தாவே முதலில் சிரித்தார். ஈரல் அம்மாவின் இலையில் விழுந்தது. அவசரமின்றி, மென்று, விரல்களை நக்கி அவர் உண்டதை அன்றுதான் கண்டேன். மறு சாரலிலிருந்து ஆண்கள் எண்ணெய் ஊறக் காத்திராமல் அருவிக்கு ஓடினர். பாதி நாள்கள் தோற்றனர்.

ஜின்தான் பேசியது என்று நானும் நம்பினேன். அந்தப் புட்டியின்மீது எனக்குப் பெருமதிப்பும் உண்டாயிற்று. நான் மணமாகிப் பிள்ளைகள் பெற்றபின் அத்தை உண்மையைச் சொன்னார். அம்மாவின் தம்ளரில் எலுமிச்சையும் உப்பும் தண்ணீருமே இருந்தன.

“எனக்கு வேண்டாம் மதினி. ஆனா இருக்குன்னே சொல்லுங்க” என்று அம்மா அன்று காதோடு கேட்டுக்கொண்டாராம்.

இக்கடிதத்தைத் தாங்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டுகிறேன்.