சாரல் காலத்தில் ஒரு சிவப்பு அட்டை

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தென்காசியில் இறங்கினேன். முகத்தில் பட்டது மழை என்று நினைத்துக் குடையை விரித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அது சாரல். அதற்கெல்லாம் இந்த ஊரில் யாரும் குடை பிடிப்பதில்லை என்று பிறகு புரிந்தது. மேற்கே மலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மேகம்தான் தெரிந்தது.

நான் அருவியில் குளிக்க வரவில்லை. கம்பெனிகளின் நெறிமுறைக் கையேடுகளைத் தமிழில் பெயர்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. லஞ்சம் வாங்காதே, குழந்தைகளை வேலைக்கு வைக்காதே, கழிவைக் குளத்தில் கலக்காதே என்பதையெல்லாம் ஆங்கிலத்தில் சுற்றி வளைத்து எழுதியிருப்பார்கள். அதை நான் மேலும் சுற்றாமல் தமிழாக்க வேண்டும். ஓசூரில் தண்ணீர் மோட்டார் செய்யும் ஒரு கம்பெனி, தன் மேலாளர்களைக் குற்றாலத்தில் இரண்டு நாள் உட்கார வைத்து அப்படியொரு கையேட்டை 'ரத்தத்தில் ஏற்ற' முடிவு செய்திருந்தது. இது அந்தக் கம்பெனியின் மனிதவளத் தலைவர் சிவராமன் சொன்ன வார்த்தை. ஏற்றும்போது யாருக்காவது சந்தேகம் வந்தால் தமிழில் விளக்குவதற்கு நான்.

நிலையத்துக்கு வெளியே ஒரு வேன் நின்றது. முன்சீட்டில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். நஸ்ரின் என்று பெயர் சொன்னாள். அந்தக் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி. சொந்த ஊர் பக்கத்திலிருக்கும் கடையநல்லூர். இரண்டு நாள் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டு, அண்ணன் பைக்கில் கொண்டுவந்து விட, எனக்காகக் காத்திருந்தாள். வேன் ஓட்டுநர் பேச்சிமுத்துவுக்கு நாற்பது வயதிருக்கும். அச்சன்புதூர்க்காரர். என் பெட்டியை வாங்கி வைப்பதற்குள் இரண்டு கொட்டாவி விட்டார்.

"மன்னிச்சிக்கிடுங்க சார். நேத்து பகல்ல மதுரைக்கு ரெண்டு நட போய்ட்டு வந்தேன். ராத்திரி திருவனந்தபுரம் போய் ஒங்க பெரிய சாரக் கூட்டிட்டு வந்தேன். எறக்கி விட்டுட்டு நேரா இங்கன வருதேன்."

"அப்ப தூங்கவே இல்லியா அண்ணாச்சி?" என்றாள் நஸ்ரின்.

"சீசன்ல எங்க தங்கச்சி தூங்க? ஆடி முடியட்டும்."

குற்றாலம் ஐந்தே கிலோமீட்டர்தான். பாதியில் வண்டியை ஓரங்கட்டி, டீக்கடைத் தொட்டியில் முகம் கழுவிக்கொண்டார். டீ பன்னிரண்டு ரூபாய். ஏலக்காய் தூக்கலாக, நன்றாகவே இருந்தது. என்ன கூட்டம் சார் என்று கேட்டார். நான் சொன்னேன். கம்பெனி யோக்கியமாக நடப்பதற்கு ஒரு புத்தகம் போட்டிருக்கிறது, அதில் ஆபத்து என்று தெரிந்தால் யாரும் எந்த வேலையையும் நிறுத்தச் சொல்லலாம் என்று ஒரு விதி இருக்கிறது, நிறுத்தியவர் மேல் நடவடிக்கை எடுக்க மாட்டார்கள் என்று விளக்கினேன்.

"அது எங்களுக்கும் உண்டா சார்?"

"கம்பெனியோட தொடர்புள்ள எல்லாருக்கும்னுதான் எழுதியிருக்கு."

"நல்லாத்தான் எழுதியிருக்கீய," என்று சொல்லிச் சிரித்தார். கேலியா, பாராட்டா என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஐந்தருவிச் சாலையில் விடுதி. முன்கூடத்தில் பித்தளை உருளி நிறையப் பூ மிதக்க விட்டிருந்தார்கள். நான் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது பேச்சிமுத்து மெல்ல வந்து வரவேற்பில் இருந்தவரிடம் கேட்டார்.

"தம்பி, ஒரு ரெண்டு மணி நேரம் முதுகச் சாய்க்க எங்கயாவது எடம் இருக்குமா?"

"டிரைவருக்கெல்லாம் எடம் இல்லண்ணே. வண்டியிலயே படுத்துக்கிடுங்க. ஆனா வண்டிய வெளிய ரோட்டுல போட்டுருங்க, கெஸ்ட்டு காரு வரும்."

என் அறையில் இரண்டு கட்டில். ஒன்றை அவருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டேன். "கெஸ்ட் மட்டும்தான் சார், ரூல்ஸ்" என்றார் அவர், மிக மரியாதையாக. அறைக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டாவது கட்டிலில் துண்டை அன்னப்பறவை மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். எரிச்சலாக வந்தது. பறவைக்குப் படுக்க இடம் இருக்கிறது.

பகல் முழுக்க வகுப்பு. சிவராமன் நன்றாகப் பேசக்கூடியவர், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் உள்ளங்கை அளவில் ஒரு சிவப்பு அட்டை கொடுத்தார்.

"இது ஃபேக்டரிக்கு மட்டும் இல்ல. ஆபீஸ்ல, சைட்ல, ரோட்ல, எங்க ஆபத்தைப் பாத்தாலும் தூக்குங்க. எம்.டி.யா இருந்தாலும் நிக்கணும். அப்பதான் எத்திக்ஸ் நம்ம ரத்தத்துல இருக்குன்னு அர்த்தம்."

கைதட்டல். நஸ்ரின் தன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறதாம். இதுவரை நிறுத்தச் சொல்லி அவள் கேட்டது ஒரே ஒரு கிரேனை; அதுவும் நிற்கவில்லை என்று தேநீர் இடைவேளையில் சொன்னாள்.

மாலை ஐந்து மணிக்கு அருவிக்குக் கூட்டிப்போனார்கள். ஐந்தருவியில் தண்ணீர் அதிகம், குளிக்கத் தடை. பேரருவியில் வரிசையாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் பக்கம் ஒரு காவலர் விசில் ஊதி ஊதி ஆட்களை நகர்த்தினார். ஒருவர் தலைக்கு ஒரு நிமிடம் அருவி. எண்ணெய் தேய்த்து வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். நான் குளிக்காமல், கிலோ முந்நூறு ரூபாய்க்கு மங்குஸ்தான் வாங்கித் தின்றபடி வேன் நிறுத்தத்துக்குப் போனேன். பேச்சிமுத்து ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்திருந்தார். என் காலடிச் சத்தத்துக்கே எழுந்துவிட்டார்.

"கண்ண மூடுனா கண்ணாடில தட்டுதாங்க சார். ஒருத்தன் பார்க்கிங் ரசீதுங்கான், ஒருத்தன் வண்டிய முன்னால தள்ளுங்கான். காலையிலயும் இதே கததான். விடுதி வாசல்ல போட்டா போலீஸ் வந்து எடுக்கச் சொல்லுதாரு."

திரும்பும்போது அது நடந்தது. பின்னால் இருந்த மேலாளர்கள் ஈரத்தலையோடு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு வளைவில் வேன் வளையாமல் நேராகப் போனது. இடது சக்கரம் தாரை விட்டு மண்ணில் இறங்கி, பழ வண்டி ஒன்றுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. பழக்காரப் பெண் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டாள். ஓட்டுநர் பக்கத்தில் இருந்த நஸ்ரினும் அவளுக்குப் பின்னால் இருந்த நானும்தான் பேச்சிமுத்துவின் கண்கள் மூடியிருந்ததைக் கண்ணாடியில் பார்த்தவர்கள். பாடிக்கொண்டிருந்தவர்கள் பள்ளம் என்று நினைத்துப் பாட்டைத் தொடர்ந்தார்கள். விடுதி வரும்வரை நான் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு நிறைவுக் கூட்டம். நிர்வாக இயக்குநர் சுருக்கமாகப் பேசிவிட்டு, திருவனந்தபுரத்தில் விமானம் பிடிக்க வேண்டும் என்று எழுந்தார். இங்கிருந்து ஏறத்தாழ நூற்றுப்பத்து கிலோமீட்டர். செங்கோட்டை தாண்டிப் புளியரையில் ஏறினால், கேரளத்துக்குக் கல்லும் மணலும் ஏற்றிப்போகும் லாரிகளோடு வளைந்து வளைந்து போகிற மலைப்பாதை. வாசலில் அதே வேன். பேச்சிமுத்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ராத்திரியும் ரோட்டோரத்து வண்டியில்தான் கிடந்திருக்கிறார், நகர்த்தச் சொல்லித் தட்டிக்கொண்டே இருந்தார்களாம். கண் இரண்டும் பழுத்திருந்தன.

நஸ்ரின் எழுந்து அட்டையைத் தூக்கினாள்.

"சார், இந்த வண்டி போகக்கூடாது. டிரைவர் ரெண்டு ராத்திரியா தூங்கல. நேத்து வளைவுல கண்ணசந்துட்டாங்க. நானே பாத்தேன்."

எழுதிக் கொடுத்த ஒரு வாக்கியம் எழுந்து நின்று பேசியதை நான் இதுவரை பார்த்ததில்லை. பிறகு இயக்குநர் கைதட்டினார். எல்லோரும் எழுந்து தட்டினார்கள். சிவராமனுக்குப் பெருமை தாங்கவில்லை. அட்டையோடு நஸ்ரினை நடுவில் நிறுத்தி, இயக்குநர் ஒருபுறம், தான் ஒருபுறமாகப் படம் எடுத்துக்கொண்டார். "இதைத்தான் நான் ரெண்டு நாளா சொல்லிட்டிருந்தேன்!" என்றார். விடுதிக்காரர்கள் வேறு கார் ஏற்பாடு செய்தார்கள்.

பேச்சிமுத்து வாசலில் நின்றபடி, "இல்ல சார், நான் ஓட்டிருவேன்... ஒரு டீ குடிச்சா ஓட்டிருவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "நீங்க போய் ரெஸ்ட் எடுங்க" என்று யாரோ அன்பாகச் சொன்னார்கள். எங்கே போய் என்று சொல்லவில்லை.

சாப்பாடு முடிந்து வெளியே வந்தபோது வாசலில் டிராவல்ஸ் முதலாளி பைக்கை நிறுத்திவிட்டுப் பேச்சிமுத்துவிடம் கத்திக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்கு முன்பே கம்பெனியிலிருந்து அவருக்குப் போன் போயிருக்கிறது: ஓட்டுநர் தகுதியற்றவர், மாற்றவும்.

"ஏலே, கம்பெனிக்காரன் முன்னால என் மானத்த வாங்கிட்டியே லே. சாவியக் குடு. இனி என் செட்டுப் பக்கமே வராத."

"அண்ணாச்சி, மூணு நட சேத்துப் போட்டது நீங்கதான..."

"தூக்கம் வந்தா வரலன்னு சொல்லிருக்கணும். சாவியக் குடுலே."

நஸ்ரின் ஓடினாள். "அவங்க மேல தப்பில்ல, அவங்களுக்குத் தூக்கம் வேணும்னுதான் நான் சொன்னேன்" என்றாள். முதலாளி அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். பேச்சிமுத்து வேனிலிருந்து தன் துண்டையும் தண்ணீர்ப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டார். சாமி படத்தையும் எடுத்தார். வேன் முதலாளியுடையது, படம் இவருடையது போலிருக்கிறது.

"வேற டிராவல்ஸ்ல சேந்துரலாம்லா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"தென்காசில இருக்க டிராவல்ஸ்காரன் பூராம் ஒரே வாட்ஸப் குரூப்புல இருக்காம் தங்கச்சி. இன்னேரம் என் போட்டா போயிருக்கும், தூங்குத டிரைவர்னு. இந்தப் பேரு வந்துட்டா ஒருத்தனும் ஸ்டியரிங்கத் தொட விடமாட்டான்."

அவள் அழத் தொடங்கினாள். அவர் அதைப் பார்த்துக் கூச்சப்பட்டார்.

"அழாத. நீ சொன்னது சரிதான். நேத்தே எனக்குப் பயமாத்தான் இருந்துச்சி. அந்தப் பழக்காரி மொகம் கண்ணுக்குள்ளயே நிக்குது." துண்டை உதறினார். "ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். நான் கேட்டது ரெண்டு மணி நேரம் படுக்க ஒரு எடம். அதுக்கு யாராவது அட்டையத் தூக்கியிருக்கலாம்லா?"

அவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். என் கையேட்டில் இதற்கு என்ன இருக்கிறது என்று மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். அட்டை தூக்கியவரை ஒன்றும் செய்யக்கூடாது என்று இருக்கிறது. யாரைப் பற்றித் தூக்கினாரோ அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. மொழிபெயர்த்தபோது அந்த ஓட்டை எனக்கும் தெரியவில்லை.

நஸ்ரின் சிவராமனிடம் போனாள். கூடவே நானும் போனேன். பேச்சிமுத்துவை வேலையில் திரும்ப எடுக்கும்படி டிராவல்ஸ்காரரிடம் சொல்லுங்கள் என்று கேட்டாள்.

"அது வெண்டாரோட உள் விஷயம்மா. நாம தலையிட்டா அதுவே எத்திக்ஸ் மீறல் ஆயிடும்."

"அப்ப டிரைவருக்கு ரூம் இல்லாத விடுதில இனிமே கூட்டம் போடாதீங்க சார்."

"வெரி குட் பாயின்ட். மெயில் போடுங்க, அடுத்த வருஷ பாலிசியில பாக்கலாம்." அவர் பொல்லாத மனிதர் இல்லை. அன்று பகல் ஒரு நல்ல காரியம் நடந்ததாக முழுமனதாக நம்பினார். அதுதான் எனக்குக் கசந்தது.

மாலை ஐந்தரை மணிக்கு எங்களை ரயிலுக்குக் கொண்டுபோக அதே வேன் வந்தது. நஸ்ரின் மதுரையில் இறங்கி ஓசூர் பஸ் பிடிக்க வேண்டும். வண்டியில் வேறு ஓட்டுநர், இளவயது. சாமி படம் இருந்த இடத்தில் பசைத் தடம். நாங்கள் ஏறியதும் அவர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டார். சாரல் உள்ளே அடித்தது.

"ஜன்னல அடைக்கலாமே தம்பி," என்றேன்.

"காத்து மொகத்துல அடிச்சாத்தான் சார் முழிப்பு வருது. இப்பதான் மூணாறுல இருந்து வருதேன். அந்த வண்டிய விட்டு எறங்குனதும் இந்தச் சாவியக் கையில குடுத்து, இங்கன போன்னு அண்ணாச்சி சொல்லிட்டாரு."

நஸ்ரின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வெளியே பார்த்தேன். யாரைக் கூப்பிடுவது, யாரிடம் சொல்வது? சொன்னால் இவருக்கும் வீட்டுக்குத்தான் பஸ்.

அவள் பின்சீட்டிலிருந்து எழுந்து முன்னால் போய் உட்கார்ந்தாள். "அண்ணே, ஒங்களுக்கு எந்த ஊரு?" என்று தொடங்கினாள். வீரகேரளம்புதூர் என்றார். கல்யாணம் ஆகிவிட்டதா, பிள்ளைகள் எத்தனை, எந்தப் பள்ளிக்கூடம், மூணாறில் குளிரா, யானை பார்த்தீர்களா என்று மூச்சு விடாமல் கேட்டாள். அவர் பதில் சுணங்கிய இடத்திலெல்லாம் குரலை உயர்த்திச் சிரித்தாள். தென்காசிக் கோபுரம் தெரிந்து, நிலைய வாசலில் வண்டி நிற்கும்வரை அவள் வாய் ஓயவில்லை.

இறங்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டோம்.

"இனி வீட்டுக்குத்தான அண்ணே?" என்றாள்.

"இல்ல மேடம், திருவனந்தபுரம். ராத்திரி ஃபிளைட்டுல இன்னொரு கம்பெனி வருது."

கொஞ்சமாவது படுத்துவிட்டுப் போங்கள் என்று அவள் சொன்னாள். "அங்கன போய்ப் பாத்துக்கிடுதேன்" என்றார். வண்டியைத் திருப்பினார். முன்னால் அவள் உட்கார்ந்திருந்த சீட் காலியாக இருந்தது. வேன் செங்கோட்டை ரோட்டில் ஏறி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு ரயில் வந்துவிட்டது.