ஜெயமேரி அக்காவும் என் பொறாமையும்

ஜெயமேரி அக்கா போய்விட்டாராம். காலையில் அவர் மகள் போன் செய்தாள்...

நல்லவர், அன்பானவர் என்றெல்லாம் எழுத வரவில்லை. நாற்பது வருஷமாக நான் பொறாமைப்பட்ட ஒரே பெண் அவர்தான்.

எண்பதுகளின் ஆரம்பம். இருவருக்கும் கர்ப்பப்பை வாயில் கேன்சர். அவருக்கு ஊர் வரதராஜன்பேட்டை, எனக்குக் குரும்பலூர். ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டில்.

கரண்ட் வைப்பது, அதுதான் கதிர்வீச்சு சிகிச்சை, முடிந்து டிஸ்சார்ஜ் ஆகும் நாள். அவர் கணவர் சவரிமுத்து அண்ணன் நர்ஸிடம் நேராகவே கேட்டுவிட்டார்.

"சிஸ்டர், இனிமே நாங்க புருசன் பொஞ்சாதியா சேந்து இருக்கலாங்களா? இவளுக்கு நோவுமா?"

நான் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன். காதை மட்டும் மூடவில்லை.

"நோய் ஒட்டாதுங்க," என்றார் நர்ஸ். "உள்ள புண்ணு ஆறட்டும், டாக்டர் பாத்துச் சொல்லுவாங்க. வறண்டு, இறுக்கமா இருக்கும். மெதுவா இருங்க. வலிச்சா நிறுத்திடணும்."

என் கணவர் வெளியே வராந்தாவில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நர்ஸ் சொன்னதை அவரிடம் அப்படியே சொன்னேன்.

"இதெல்லாம் பேச உனக்கு வெக்கமா இல்ல?"

மறுநாள் தன் கட்டிலைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டார். எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது.

ஆறு மாதம் கழித்து செக்கப்பில் அக்காவைப் பார்த்தேன். பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மொத தடவ அழுதுட்டேன், ராணி. அவரு ஒடனே எந்திரிச்சுப் போயி காப்பி போட்டாந்து குடுத்தாரு. இப்பப் பரவால்லடி..." சொல்லிவிட்டுச் சின்னப் பெண்ணைப்போலச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டேன். அடுத்த செக்கப்பை அவர் வராத கிழமைக்கு மாற்றிக் கேட்டு வாங்கினேன்.

கிழமையை விசாரித்துக்கொண்டு அக்கா அன்றைக்கும் வந்து நின்றார்.

"எம்மேல என்னடி கோவம்?"

"கோவமில்லக்கா... பொறாம. எங்க வீட்டுக்காரரு எங்கிட்ட வந்தே வருசமாகப் போவுது."

அக்கா என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். டாக்டர் கூப்பிடும்வரை அப்படியே இருந்தோம்.

என் கணவர் கடைசிவரை கூடத்திலேயே படுத்தார். அவரும் போய்ச் சேர்ந்தாயிற்று.

நேற்றுகூட சவரிமுத்து அண்ணன்தான் அக்காவுக்குத் தலை வாரிவிட்டாராம். மகள் போனில் சொல்லி அழுதாள்...

பொறாம இன்னும் போகலக்கா. நாளைக்கு மொத பஸ்ஸுல வரேன்.