வலிக்காமல் பிளேட்லெட் கொடுக்கப் போனேன்

என் மனைவியின் தம்பி டெங்கு வந்து திருப்பதி ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போய், ஈறில் இரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. சாயங்காலத்துக்குள் யாராவது பிளேட்லெட் கொடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னதாகப் போன் வந்தது. அவனுடைய இரத்த வகை வீட்டில் இரண்டு பேருக்குத்தான். எனக்கும், மனைவியின் தங்கை புருஷனான என் சகலைக்கும்.

நான் புத்தூரில் பவர்லூம் ஓட்டுகிறவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டேன். எல்லா விசேஷத்திலும் சகலைதான் முன்னால் நிற்பார். ஒரு தடவையாவது முந்திவிட வேண்டும் என்று, "நான் குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகுதான் ஊசி ஞாபகம் வந்தது.

எங்கள் தறிக்கூடத்தில் ஒரு வழக்கம். அதிக வேலை இருக்கும் நாளில், வலி வருவதற்கு முன்பே மாத்திரை போட்டுக்கொள்வோம். வலித்த பிறகு போடுகிறவன் விவரம் கெட்டவன். அந்த விவரத்தோடு, பஸ் வடமாலபேட்டை தாண்டியதும் இரண்டு ஆஸ்பிரினை விழுங்கினேன். மனைவியும், துணைக்கு வந்த சகலையும் முன் சீட்டில் இருந்தார்கள்.

இரத்த வங்கியில் நர்ஸம்மா படிவத்தை எடுத்து, தெலுங்கு கலந்த தமிழில் கேட்டார்.

"அண்ணா, மூணு நாளுல ஏதாச்சும் மாத்திரை போட்டுக்கினீங்களா? நிஜம் செப்பண்டி."

நான் பதில் சொல்லவில்லை. அதையே இல்லை என்று எடுத்துக்கொண்டு பேனாவை வைக்கப் போனார். வாய் திறக்காத பழக்கம் அன்று ரொம்ப வசதியாக இருந்தது. ஆனால் வார்டில் மச்சானின் வாயில் பஞ்சு சிவந்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அங்கே வந்திருந்தேன்.

"ரெண்டு ஆஸ்பிரின். பஸ்ஸுல."

"எங்க அண்ணா நொப்பி?"

"இன்னும் வலிக்கல. ஊசி குத்தனா வலிக்குமேன்னு..."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். எலும்பு மஜ்ஜையில் உள்ள பெரிய அணுக்களிலிருந்து உடைந்து வருகிற துணுக்குகள்தான் பிளேட்லெட்டாம். காயம் பட்ட இடத்தில் அவை ஒன்றோடொன்று ஒட்டி அடைக்க வேண்டும். ஆஸ்பிரின் பட்டால் ஒட்டாது, சாகிற வரைக்கும் திருந்தாது. புதுசு ஊறி வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். மச்சானுக்கு அந்த மாத்திரையே ஆகாது என்று, அவனைச் சேர்த்த அன்றே டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அது நோயாளிக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன்.

"ஊசிக்கு மாத்திரையா?" என்றாள் மனைவி. "ரெண்டு புள்ள பெத்தேனே, எனக்கு யாருய்யா குடுத்தாங்க?"

"நவுரு அண்ணா," என்று சகலை சட்டைக் கையை மடித்தார். "நானெல்லாம் தலைவலிச்சா டீ குடிச்சிட்டுப் பூடுவேன்."

ஒரு மணி நேரத்துக்கு மேல் மெஷினோடு படுத்திருந்துவிட்டு, கையில் பிளாஸ்டரோடு வெளியே வந்தார். வராண்டாவில் இருந்த எல்லோருக்கும் அதைக் காட்டினார்.

இரண்டு நாளில் இரத்தக் கசிவு நின்றது. மச்சான் எழுந்து உட்கார்ந்து சகலைக்குக் கையெடுத்துக் கும்பிட்டான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"மாமா, நீங்க குடுக்காததுக்கும் தேங்க்ஸ்."

மனசாரத்தான் சொன்னான் என்று நினைக்கிறேன்.